பீப் சத்தமா, பல்பா? டிரெய்லர் ஜெனரேட்டரின் ரிமோட் ஸ்டார்ட் பழுதைத் தேடும் வழிகள்

ஜெனரேட்டரின் மேலேயே இருக்கும் பட்டனை அமுக்கினால் செல்ஃப் எடுக்கிறது, எஞ்சின் ஓடுகிறது. டிரெய்லருக்குள் சுவரில் இருக்கும் ரிமோட் ஸ்டார்ட் சுவிட்சை அமுக்கினால் ஒரு 'டிக்' கூட இல்லை. இங்கே பேசப்போவது இந்த ஒரு பழுதைப் பற்றித்தான். இரண்டு இடத்திலும் எடுக்கவில்லை என்றால் பேட்டரி, மெயின் ஃபியூஸ், தடித்த கேபிள்களின் முனைகள் என்று வேறு பக்கம் போக வேண்டும். எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றாலும் ரிமோட் ஸ்டார்ட் வயரைக் குடைந்து பயனில்லை. அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: ஸ்டாப் வயர். மேக்னெட்டோ வகை எஞ்சின்களில் (சுழலும் காந்தத்தால் ஸ்பார்க்கைத் தானே உண்டாக்குபவை) அந்த வயரை பாடியோடு சேர்த்தால் ஸ்பார்க் நின்றுவிடும். சட்டத்தில் உரசி அதன் தோல் உரிந்திருந்தால், எவ்வளவு நேரம் சுற்றினாலும் எஞ்சின் பிடிக்காது.

சரி, வயரில்தான் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். தேடுவதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லோரும் முதலில் எடுப்பது மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வயரின் இந்த முனையில் ஒரு முள், அந்த முனையில் ஒரு முள், 'பீப்' என்றது. "வயர் நல்லா இருக்கு" என்று முடிவு கட்டிவிட்டு, இரண்டு நாள் சுவிட்சையும் ரிலேயையும் (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் காந்த சுவிட்ச்) மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் கோளாறு அந்த வயரிலேயேதான் இருந்தது. தரைக்கு அடியில் இருந்த ஒரு ஜாயிண்டில் தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. பீப் சோதனையில் மீட்டர் வயருக்குள் அனுப்பும் கரண்ட் ஒரு மில்லி ஆம்ப் அளவில்தான் இருக்கும். தடை சில பத்து ஓம் இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் அடித்துவிடும். ஆனால் ஸ்டார்ட்டர் சொலினாய்டு, அதாவது செல்ஃப் மோட்டாருக்கு கரண்டைச் சேர்த்துவிடும் காந்த சுவிட்ச், இழுப்பதோ ஆம்ப் கணக்கில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சொலினாய்டின் காயில் (கம்பிச் சுருள்) 3 ஓம், களிம்பேறிய ஜாயிண்ட் 5 ஓம். 12 வோல்ட்டில் ஓடுவது 1.5 ஆம்ப். ஜாயிண்ட் மட்டும் 7.5 வோல்ட்டைத் தின்றுவிடும், சொலினாய்டுக்கு மிஞ்சுவது 4.5 வோல்ட். அது எப்படி இழுக்கும்? அதே ஜாயிண்டுக்குப் பின்னால் 85 ஓம் காயில் உள்ள ஒரு ரிலே இருந்தால், இழப்பு முக்கால் வோல்ட்டுக்கும் குறைவு. ரிலே ஒழுங்காக வேலை செய்யும். ஒரே கெட்ட ஜாயிண்ட், ஒரு வண்டியில் ஓடும், இன்னொன்றில் ஓடாது.

"அப்படியானால் வோல்ட் பார்க்கலாமே" என்பார்கள். சுமை இல்லாமல் பார்த்தால் அதுவும் ஏமாற்றும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகா ஓம். அது இழுக்கும் கரண்ட் ஒரு மைக்ரோ ஆம்ப் அளவுதான். ஒற்றை இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் திரையில் 12.6 என்று அழகாகக் காட்டும்.

பீப்பை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, வயர் பாடியில் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும், சுவிட்சின் உள்தொடர்பு அமுக்கும்போது சேர்ந்து, கையை எடுத்தால் பிரிகிறதா என்று பார்க்கவும் அதைவிட வசதியானது இல்லை.

பல்ப்

என் ஓட்டு இதற்குத்தான். பிரேக் லைட்டில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்ப் ஒன்று, ஹோல்டர், இரண்டு துண்டு வயர், முனையில் கிளிப். ஜெனரேட்டரில் சொலினாய்டின் சின்ன முனைக்கு வரும் ஸ்டார்ட் வயரைக் கழற்றி, அதற்கும் பாடிக்கும் நடுவில் பல்பை மாட்டுங்கள். உள்ளே ஒருவரை சுவிட்சை அமுக்கச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் அந்த வயர் நல்ல வயர். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ தடை. எரியவே இல்லையென்றால் அறுந்திருக்கிறது, அல்லது ஃபியூஸ் போயிருக்கிறது. இந்த பல்ப் சுமார் 1.75 ஆம்ப் இழுக்கும் என்பதால் சொலினாய்டு கேட்கும் அதே மாதிரிக் கேள்வியை வயரிடம் அதுவும் கேட்கிறது. எஞ்சினும் சுற்றாது, ஆகவே கையை உள்ளே வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம்.

விட்டு விட்டு வரும் பழுதுக்கு பல்ப்தான் ராஜா. சுவிட்சைப் பிடித்துக்கொண்டே வயர்க் கட்டை அங்கங்கே அசைத்தால், கெட்ட இடத்தில் கை பட்டதும் பல்ப் சிமிட்டும். டிஜிட்டல் மீட்டரில் எண் மாறுவதற்குள் அந்தக் கணம் போய்விடும்.

ஆனால் பல்ப் ஒரு இடத்தில் ஒத்துவராது. எல்லா ஜெனரேட்டரிலும் சுவிட்ச் 12 வோல்ட்டை அனுப்புவதில்லை. ஓனான் (Onan) என்ற பிராண்டின் ஜெனரேட்டர்கள் பலவற்றில் ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டு வயர்களையும் எர்த்தோடு சேர்ப்பதுதான் சுவிட்சின் வேலை; மீதியை உள்ளே இருக்கும் கன்ட்ரோல் போர்டு பார்த்துக்கொள்ளும். அந்த வயரில் பல்பை மாட்டுவது போர்டுக்கு நல்லதல்ல. எஞ்சின் தானாகவே எடுத்துவிடவும் வாய்ப்பு உண்டு. எனவே வயரிங் படத்தைப் பார்க்காமல் பல்பை எடுக்காதீர்கள்.

சுமையோடு வோல்ட் இழப்பு

போர்டு வகைக்கு இதுதான் சரியான வழி. மீட்டரின் கறுப்பு முள்ளை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முள்ளை ஜெனரேட்டர் பக்கத்து ஸ்டார்ட் வயரிலும் வைத்துக்கொண்டு சுவிட்சை அமுக்கச் சொன்னால், அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். இரண்டு மூன்று வோல்ட்டிலேயே நின்றால் சுவிட்சின் எர்த் வழி கெட்டிருக்கிறது. அந்த எர்த், சுவருக்குப் பின்னால் ஏதோ ஒரு தகரத் துண்டில் திருகியிருப்பது சகஜம்.

12 வோல்ட் அனுப்பும் வகையில், சிவப்பு முள் பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முள் சொலினாய்டின் சின்ன முனையில். அமுக்கும்போது காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். நல்ல நிலையில் இருக்கும் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 10 மீட்டருக்கு 0.18 ஓம் அளவுதான் தடை தரும். 4 ஆம்ப் ஓடினாலும் 0.7 வோல்ட். 0.7-ஐயும் தாண்டித் தொலைந்தால், ஒவ்வொரு ஜாயிண்டாக முள்ளை நகர்த்தி எங்கே தாவுகிறது என்று பார்க்கலாம். பல்ப் "கெட்டிருக்கிறது" என்று மட்டும் சொல்லும்; இந்த முறை இடத்தையே காட்டும். குறை என்னவென்றால், இரண்டு ஆள் வேண்டும், நீளமான முள் வயர் வேண்டும், சோதனையில் எஞ்சின் நிஜமாகவே எடுக்கும். மூடிய கொட்டகைக்குள் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

நான்காவது, தரையில் தற்காலிகமாக ஒரு புது வயரை இழுத்துப் பார்ப்பது. ஓடினால் பழைய வயர்தான் குற்றவாளி. 12 வோல்ட் வயர் என்றால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம். போர்டு வகையில் தவறான முனைக்கு 12 வோல்ட் கொடுத்தால் போர்டு போய்விடும், ஆகவே அவசரக்காரர்களுக்கு இது வேண்டாம்.

கண்டுபிடித்த பிறகு

ஒரே ஒரு ஜாயிண்ட் கெட்டிருந்தால் பச்சை பூத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, சூடு பட்டால் சுருங்கி உள்ளே பசை உருகும் வகை ஜாயிண்டைப் போடலாம். வயரைக் கத்தியால் கடித்துப் பிடிக்கும் கிளிப் இணைப்பு டிரெய்லரின் அடியில் வேண்டவே வேண்டாம். தோலில் ஓட்டை போட்டு ஈரத்துக்கு வழி விடுகிறது. வெட்ட வெட்ட உள்ளே கறுப்பாகவே வந்தால் முழு வயரையும் மாற்றுவதுதான் மலிவு.

வயர்லெஸ் ரிமோட் மாட்டலாமே என்ற ஆசை அப்போதுதான் வரும். எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. ரிசீவர் எந்நேரமும் விழித்திருக்கும். 20 மில்லி ஆம்ப் இழுக்கிறது என்று வைத்தாலும் 30 நாளில் 14 ஆம்ப்-அவருக்கு மேல் பேட்டரியிலிருந்து போய்விடும். தகரப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் கிடைப்பதும் சிரமம். பையில் கிடக்கும் ரிமோட் தெரியாமல் அமுங்கினால், கொட்டகைக்குள் நிற்கும் டிரெய்லரில் எஞ்சின் ஓட ஆரம்பிக்கும். சுவர்களைப் பிரிக்காமல் புது வயர் இழுக்கவே முடியாது என்ற நிலையில் மட்டும், ரிசீவருக்குத் தனி ஆஃப் சுவிட்ச் வைத்து மாட்டுவேன்.

எதைச் செய்தாலும், முடித்த பிறகு வோல்ட் இழப்பை ஒருமுறை அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் சுவிட்ச் மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். என் டிரெய்லரில் அங்கே 0.3 என்று எழுதியிருக்கிறது. அது 1-ஐத் தாண்டும் நாளில் எந்த ஜாயிண்டுக்கு அடியில் படுப்பது என்று எனக்குத் தெரியும்.