ஸ்காபரோவில் ‘இலவச ஆங்கில வகுப்பு’ என்று போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோ பக்கம், கடைகளுக்கு மேலே மாடியில் நடந்த ஓர் ‘இலவச’ ஆங்கில வகுப்பில் என் அக்கா ஏமாற்றப்பட்டார். அந்த இடத்தின் பெயரை நான் எழுதவில்லை. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன். இதே மாதிரி நடத்துகிற இடம் அது ஒன்றுதான் என்று நான் நம்பவில்லை.

அத்தான் ஸ்பொன்சர் செய்து அக்கா பி.ஆர். ஆக, அதாவது நிரந்தர வதிவிட உரிமையோடு, வந்தவர். ஊரில் ஏ.எல்., அதாவது பாடசாலையின் கடைசி வகுப்பு, வரை படித்தவர். ஆங்கிலம் வாசித்தால் ஓரளவு விளங்கும், ஆனால் வாய் திறந்து பேசப் பயம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டிய காலம் வந்ததும் வகுப்புத் தேடினார். தமிழ்க் கடை வாசலில் தமிழிலேயே விளம்பரம் ஒட்டியிருந்தார்கள்: முற்றிலும் இலவசம், சிட்டிசனுக்கான சான்றிதழ் தரப்படும் என்று. தமிழ் ஆட்கள் நடத்துகிறார்கள், கூச்சமில்லாமல் போகலாம் என்று அக்கா நினைத்தார். அதில் என்ன தப்பு? புதிதாக வந்தவர் எவரும் அப்படித்தான் நினைப்பார்.

போன அன்றே பதிவுக் காசு கேட்டார்கள். வகுப்புத்தான் இலவசம், பதிவு வேறு என்றார்கள். அடுத்த கிழமை புத்தகத்துக்குக் காசு. அந்தப் புத்தகம் எங்கிருந்தோ போட்டோக்கொப்பி எடுத்துக் கட்டிய தாள்கள். எல்லாம் கையில் காசாக வாங்கினார்கள், ரசீது கேட்டால் “அக்கா, நாங்கள் என்ன ஓடியா போகப் போகிறோம்” என்று சிரிப்பு. பி.ஆர். கார்ட்டின் பிரதியோடு சின் இலக்கத்தையும், அதாவது அரசு ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் சமூகக் காப்புறுதி இலக்கத்தையும், எழுதி வாங்கினார்கள். இதுதான் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது. ஆங்கிலம் படிக்க ஒருவரின் சின் இலக்கம் எதற்கு? புதிதாக வந்தவர்களுக்கு அரசு காசில் நடக்கும் லிங்க் என்ற இலவச ஆங்கில வகுப்பில் உங்கள் குடிவரவு நிலையைக் காட்டும் பி.ஆர். கார்ட்டைப் பார்ப்பார்கள், அது நியாயம். சின் இலக்கம் வேலை கொடுப்பவருக்கும், வங்கிக்கும், வரிக்கும் உரியது. மாடி வகுப்புக்கு அதை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாத அம்மாவும், ஊரில் கணக்காளராக இருந்தவரும் ஒரே அறையில், ஒரே பாடத்தில். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று ஒருவரையும் சோதிக்கவில்லை. ஆசிரியர் பலகையில் இறந்தகாலம், நிகழ்காலம் என்று அட்டவணை எழுதுவார், எல்லாரும் பார்த்து எழுதுவார்கள், விளக்கம் முழுக்கத் தமிழில். அக்கா வாய் திறந்து ஒரு கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்ன நாள்கள் மிகக் குறைவு. சில நாள்களில் ஆசிரியரே வரமாட்டார், நடத்துபவரின் சொந்தக்காரர் வந்து தாள் கொடுப்பார். வகுப்பு முடியும் நேரத்தில் காப்புறுதி விற்க ஒருவர் வருவார். எழும்பிப் போக எல்லாருக்கும் கூச்சம். இருந்து கேட்டார்கள், சிலர் கையெழுத்தும் போட்டார்கள்.

கடைசியில் சான்றிதழுக்கும் ஒரு தொகை. தடித்த தாள், பொன்னிற முத்திரை, அக்காவின் பெயர் பெரிய எழுத்தில். எந்த மட்டம் என்று அதில் ஓரிடத்திலும் இல்லை.

குடியுரிமை விண்ணப்பத்தோடு அதை அனுப்பினார். சில மாதங்களில் முழு உறையும் திரும்பி வந்தது. மொழித் தகைமைக்கான சான்று ஏற்கத்தக்கது அல்ல என்று கடிதம். நடத்தியவரிடம் போய்க் கேட்டேன். “தம்பி, நாங்கள் படிப்பித்தோம், சான்றிதழ் கொடுத்தோம். அரசாங்கம் ஏற்காவிட்டால் அதற்கு நாங்கள் என்ன செய்ய?” என்றார். விளம்பரத்தில் சிட்டிசன் என்று போட்டிருந்ததைக் காட்டினேன். அது பழைய விளம்பரம் என்றார். காசு திரும்பி வரவில்லை.

விதி என்னவென்று சொல்கிறேன். 18 வயதிலிருந்து 54 வயது வரை உள்ளவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, கேட்பதிலும் பேசுவதிலும் கனடிய மொழி அளவுகோலில், அதாவது சி.எல்.பி.யில், 4ஆம் மட்டத்தையாவது எட்டியதற்கான சான்று காட்ட வேண்டும். அரசு காசு கொடுத்து நடத்தும் லிங்க் போன்ற வகுப்பின் சான்றிதழில் அந்த மட்டம் எழுதப்பட்டிருக்கும், அதை ஏற்பார்கள். ஆங்கிலத்தில் படித்த உயர்தரப் பாடசாலை அல்லது கல்லூரிச் சான்றும் சரி. செல்பிப் மாதிரி காசு கட்டி எழுதும் சோதனையும் சரி. பேச்சும் கேட்பும் மட்டும் உள்ள செல்பிப் ஒன்று தனியாக இருக்கிறது. ஆளாளுக்கு அச்சடித்துக் கொடுக்கிற சான்றிதழை வைத்து ஒன்றும் நடக்காது.

லிங்க் 1992இல் தொடங்கியது. காசு மத்திய அரசுடையது, நடத்துவது கல்விச் சபைகளும் குடியேறியோருக்கு உதவும் அமைப்புகளும். பி.ஆர். உள்ளவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் உரியது. முழுநேரம், பகுதிநேரம், மாலை, இணையவழி என்று பலவிதம் உண்டு, சில இடங்களில் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு. கைக்குழந்தையோடு இருக்கிற தங்கைமார் இதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் எல்லா நிலையத்திலும் அது இல்லை.

அகதிக் கோரிக்கை இன்னும் முடியாதவர்களும், ஏற்கெனவே சிட்டிசன் ஆனவர்களும் லிங்க்குக்குப் போக முடியாது. ‘உங்களுக்கு அரசாங்க வகுப்புக் கிடைக்காது, எங்களிடம் வாருங்கள்’ என்று இவர்களைத்தான் இப்படிப்பட்டவர்கள் முதலில் பிடிக்கிறார்கள். அது பொய். ஒன்ராறியோ மாகாண அரசின் காசில் நடக்கும் ஈ.எஸ்.எல்., அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கும், வகுப்புகள் இருக்கின்றன. ரொறன்ரோ பொதுக் கல்விச் சபையும் கத்தோலிக்கக் கல்விச் சபையும் பெரியவர்களுக்கு நடத்துகின்றன. பிள்ளைகளைப் பார்க்க சுப்பர் விசா என்ற நீண்டகால வருகை விசாவில் வந்திருக்கிற அப்பா அம்மாவுக்கு இந்த வகுப்புகள் பொருந்தாது. அவர்களை ரொறன்ரோ பொது நூலகத்தின் ஆங்கில உரையாடல் வட்டங்களுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே காசு வாங்குவதில்லை.

லிங்க்குக்குப் போகிற வழி மதிப்பீட்டிலிருந்து தொடங்குகிறது. ரொறன்ரோவில் வை.எம்.சி.ஏ.யின் மொழி மதிப்பீட்டு நிலையங்கள் அதைச் செய்கின்றன, இலவசமாக. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று நான்கையும் தனித்தனியே பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மட்டம் எழுதித் தருவார்கள். அக்காவுக்கு வாசிப்பில் நல்ல மட்டம், பேச்சில் குறைவு. மாடி வகுப்பில் இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்த எழுத்து வேலையையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மதிப்பிட்டவர் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கெங்கே இடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்புப் பட்டியலைக் காட்டித்தான் மாடிக்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள், ஆகவே இரண்டு மூன்று இடங்களில் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

இப்போது அக்கா போகிற வகுப்பில் ஆசிரியைக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்தில் ஒரு சீனப் பெண், அந்தப் பக்கம் ஓர் ஆப்கான் ஐயா, ஆங்கிலத்தில் பேசாமல் வழியில்லை. டாக்டரிடம் நேரம் மாற்றிக் கேட்பது, வீட்டுக்காரரிடம் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று சொல்வது, இதெல்லாம் பாடம். செய்து காட்டியதை ஆசிரியை மதிப்பிட்டு எழுதித் தர, அக்கா அதை ஒரு பைண்டரில் சேர்த்து வைக்கிறார். மட்டம் ஏறுவது அந்தப் பைண்டரை வைத்துத்தான். யாரும் இன்றுவரை ஒரு சதம் கேட்கவில்லை.

எங்கே வகுப்பு என்று தெரியாவிட்டால் 211 என்ற உதவித் தகவல் தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பக்கத்தில் உள்ள செற்றில்மென்ற் அலுவலகத்திலும், அதாவது புதிதாகக் குடியேறியோருக்கு உதவும் அலுவலகத்திலும், விசாரிக்கலாம்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட இடத்தில் காசு கட்டியவர்களுக்கு: விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள், ரசீது இல்லாவிட்டால் எந்த நாள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள், கூடப் படித்தவர்களின் தொடர்பை விடாதீர்கள். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு செய்யலாம், நாங்கள் செய்திருக்கிறோம். சின் இலக்கம் கொடுத்தவர்கள் வங்கிக் கணக்கையும் கடன் அறிக்கையையும் அடிக்கடி பாருங்கள். பொன்முத்திரைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பம் அனுப்ப இருக்கிறவர்கள் யாராவது இருந்தால், அனுப்பாதீர்கள். முதலில் அதில் சி.எல்.பி. மட்டம் எழுதியிருக்கிறதா, எந்த அரசு நிதி என்று இருக்கிறதா என்று பாருங்கள்.