பழைய செல்லுக்குப் புது நீல உறை: ரூ.9,500 போச்சு

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் வாங்கி 12 வோல்ட் பேட்டரி கட்டலாம் என்று இருக்கிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 9,500 ரூபாய் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் விட்டுத் தொலைவோம் என்று தோன்றிவிடும், அதைத்தான் என்னை ஏமாற்றிய கடைக்காரர்களும் எதிர்பார்க்கிறார்கள்.

எங்கள் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறவர்கள் வீட்டில் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் ஒன்று கட்டாயம் இருக்கும். அதோடு வருகிற லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அதைக் கழற்றிவிட்டு 32700 அளவு (32 மி.மீ. தடிமன், 70 மி.மீ. நீள உருளை) செல் எட்டை இரண்டிரண்டு ஜோடியாகப் பேரலலில் சேர்த்து, அந்த நாலு ஜோடியையும் ஒன்றன்பின் ஒன்றாக சீரிஸில் கட்டினால் 12.8 வோல்ட், 12 ஆம்பியர் அவர் கொள்ளளவு கிடைக்கும். எடையும் பாதிக்குப் பாதி குறையும். வேலை முடிந்து வந்தால் எனக்கு இதுதான் பொழுதுபோக்கு. ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தது நன்றாக ஓடியதால் இன்னும் ஐந்து பேர் கேட்டார்கள். ஐந்து பேட்டரிக்கு 40 செல்.

வழக்கமாக பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் நேரில் பார்த்துத்தான் வாங்குவேன். இந்த முறை தோட்டத்தில் பூச்சி வந்துவிட்டது, எல்லாருக்கும் அவசரம். செல், பி.எம்.எஸ். (செல்கள் அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்ளும் சர்க்யூட்), மாட்யூல் எல்லாம் விற்கும் ஓர் இணையக் கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் நல்ல தமிழில் பேசினார். "தம்பி, நானும் பாலக்கோடு பக்கம்தான். நம்மூர்க்காரனுக்குப் போய் பழசு அனுப்புவேனா?" என்றார். அதற்கெல்லாம் நான் மயங்கவில்லை. ஆனால் 20 ஆம்பியர் பி.எம்.எஸ். கேட்டபோது, "ஸ்பிரேயர் மோட்டார் எவ்வளவு இழுத்துடப் போகுது? 10 ஆம்பியரே போதும் தம்பி, ஏன் வீண் செலவு?" என்று சொல்லித் தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொண்டார் பாருங்கள், அங்கேதான் நம்பினேன். போதாக்குறைக்கு கொள்ளளவு அளக்கும் டெஸ்டரில் ஒரு செல் 6,000 மில்லி ஆம்பியர் அவரைத் தாண்டுகிற வீடியோ வேறு அனுப்பினார். செல் 210 வீதம் 8,400, பி.எம்.எஸ். ஐந்து 900, கூரியர் 200. மொத்தம் 9,500-ஐயும் முன்பணமாக யுபிஐயில் அனுப்பினேன்.

"வந்ததும் சோதிக்கவில்லையா?" என்று கேட்காதீர்கள். மீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லாம் 3.28 வோல்ட். மளிகைக் கடைத் தராசில் பத்து செல்லை வைத்தேன், 1 கிலோ 400 கிராம், சரியான எடை. இரண்டுமே இந்த ஏமாற்றைப் பிடிக்க உதவாது என்பதுதான் விஷயம். இந்த ரகச் செல் தேய்ந்திருந்தாலும், முக்கால்வாசி காலியானாலும் 3.2 பக்கமே நிற்கும். எடை பார்ப்பது, இதைவிடச் சின்ன 18650 செல்லில் 9,900 மில்லி ஆம்பியர் அவர் என்று அச்சடித்து உள்ளே பாதி மண்ணை நிரப்பி விற்கிறார்களே, அந்தத் திருட்டைப் பிடிக்கத்தான் பயன்படும். (18650-ல் 3,600-ஐத் தாண்டுவதே அபூர்வம், அது வேறு கதை.) உழைத்துத் தேய்ந்த செல்லின் எடை குறையாது.

முதல் பேட்டரியை வாங்கிக்கொண்டு போன மாமா, இரண்டாவது டேங்க் முடிவதற்குள் போன் செய்தார். "என்ன மாப்ள, மோட்டார் நின்னு போச்சு?" சீரிஸில் எந்த ஜோடி முதலில் இறங்குகிறதோ அதைப் பார்த்து பி.எம்.எஸ். மொத்தத்தையும் நிறுத்திவிடும், மற்றவற்றில் சார்ஜ் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. கட்டாத செல் ஒன்றை முழுதாகச் சார்ஜ் செய்து 1 ஆம்பியரில் இறக்கினேன். ஆறு மணி நேரம் தாங்க வேண்டியது, இரண்டு மணி நேரம் கொஞ்சம் தாண்டியதும் 2.5 வோல்ட்டுக்கு, அதாவது முழுக்கக் காலி என்கிற அளவுக்கு, விழுந்துவிட்டது. டெஸ்டரில் 2,100. அடுத்தடுத்துப் போட்டதில் ஒன்றுகூட 3,000-ஐத் தொடவில்லை.

அப்புறம்தான் பிளேடால் நீல உறையைக் கிழித்தேன். மைனஸ் முனை முழுக்கக் கிரைண்டர் கீறல். அதன் நடுவே செல்களை இணைக்க வெல்டு வைக்கும் நிக்கல் பட்டையின் துணுக்கு ஒன்று, அரிசி அளவுக்கு, பழைய வெல்டு புள்ளியோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த வண்டியிலோ எத்தனை வருடம் ஓடிய செல்லோ, புது உறை மாட்டி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போட்டோவோடு அனுப்பினேன். முதலில் "கூரியர்ல அடிபட்டிருக்கும்" என்றார். அடிபட்டால் கொள்ளளவா குறையும்? பிறகு "உங்க சார்ஜர் தப்பு." பிறகு "பார்சல் திறந்த வீடியோ இருக்கா?" வீடியோவையும் அனுப்பினேன். கடைசியாக வந்தது, "வெல்டு வச்ச செல்லுக்கு ரிட்டர்ன் கிடையாது பிரதர்." வெல்டு வைத்து அனுப்பியதே நீங்கள்தானே ஐயா! நான் வெல்டு வைக்காத 32 செல் இருக்கிறது, அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தம்பி பிரதர் ஆனதோடு சரி, இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது. ஐந்து பேருக்கும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆக 9,500-ம் என் கைக்காசு.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முதலில் நாலே செல் வாங்குங்கள். உறையைக் கிழித்து இரண்டு முனையையும் பாருங்கள். 1 ஓம் 10 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடி மட்டும் வைத்துப் பாருங்கள் (சுடும், கை ஜாக்கிரதை), வோல்ட் 3-க்குக் கீழே சரிந்தால் தொடவே தொடாதீர்கள். வீடியோவில் காட்டுகிற செல் உங்களுக்கு வருகிற செல் அல்ல. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகாரைப் பதியுங்கள். இணைய வணிக விதிகள் 2020-ன்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் பதிந்துவிட்டேன். அது நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைக் கேட்காதீர்கள்.