கிடைத்த வேலையா, அரசுத் தேர்வா?

கல்விக்கடனில் படித்துப் பட்டத்தோடு ஏழை வீட்டுக்குத் திரும்பும் பிள்ளையின் முன் இரண்டு வழிகள் உள்ளன: கிடைத்த தனியார் வேலையில் சேர்வது, அல்லது டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு முழுநேரமாகப் படிப்பது.

குரூப் 4 இளநிலை உதவியாளரின் அடிப்படை ஊதியமே 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படியும் பணிப் பாதுகாப்பும் சேர்ந்தால் ஒரு குடும்பமே நிமிர்ந்துவிடும். ஆனால், பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட அத்தேர்வைப் பல லட்சம் பேர் எழுதுகிறார்கள். காத்திருக்கும் காலத்தில் வருமானம் இல்லை, கல்விக்கடனுக்கோ படிப்பு முடிந்த ஓராண்டில் பொதுவாகத் தவணை தொடங்கிவிடும்.

ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ தொடக்கச் சம்பளம் குறைவுதான். அறை வாடகையும் மெஸ் கணக்கும் போக, வீட்டுக்கு அனுப்பச் சில ஆயிரமே மிஞ்சும். இருந்தும், சம்பளச் சீட்டில் அடிப்படை ஊதியத்தில் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்கப்பட்டு, நிறுவனமும் தன் பங்கைச் செலுத்தும்போது, அந்தப் பிள்ளையின் பெயரில் முதல் சேமிப்பு உருவாகிறது. தவணையும் தவறாது, அவசரத்துக்கு அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போகாது.

ஆகவே, வீட்டில் வேறு வருமானம் இல்லாதவர்கள் வேலையில் சேர்ந்துகொண்டு, விடியற்காலை இரண்டு மணி நேரம் தேர்வுக்குப் படிப்பதே சரி என்று உறுதியாகச் சொல்வேன். பெற்றோருக்கு நிலையான வருமானம் உள்ளவர்கள் மட்டும், அடுத்த ஒரு தேர்வு வரை என்று எல்லை வகுத்துக்கொண்டு முழுநேரமாகப் படிக்கலாம்.