ஆர்.ஓ. இயந்திரம் வாங்கும் முன் கழிவுக் குழாயைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் இருந்த பழைய ஆர்.ஓ. இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, '60 சதவீதம் வரை நீர் மீட்பு' என்று பெட்டியிலேயே அச்சடித்து விற்கும் புது வகை ஒன்றை மாட்டியிருக்கிறோம். நல்ல இயந்திரம்தான். ஆனால் இதைப் பார்ப்பவர்கள் எல்லோரும் வாங்க வேண்டியதில்லை, சிலருக்கு ஆர்.ஓ. என்பதே தேவையில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போவது இந்த வகை இயந்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால் அளந்து பார்க்காமல் எதையும் நம்புவதில்லை.

இந்த இயந்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ருசியைச் சொல்கிறார்கள், தொட்டி எத்தனை லிட்டர் என்கிறார்கள், முகப்பில் எரியும் விளக்கைக்கூடச் சொல்கிறார்கள். பின்பக்கத்திலிருந்து சிங்க்குக்குள் போகும் மெல்லிய குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்தக் குழாய்தான் முக்கியம். நாம் குடிக்கிற தண்ணீரைவிட அதிகமான தண்ணீர் அது வழியாகத்தான் போகிறது.

ஏன் போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்.ஓ. சவ்வு தண்ணீரை விட்டுவிட்டு உப்பைத் தடுக்கும். தடுக்கப்பட்ட உப்பு சவ்வின் மேலேயே தங்கினால் சீக்கிரமே படிந்து அடைத்துவிடும். அதனால் ஒரு பகுதித் தண்ணீர் அந்த உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போய்த்தான் ஆக வேண்டும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்ற இருவர் நடைமுறைக்கு உதவும் முதல் சவ்வைச் செய்தார்கள். 1965ல் அதே கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் அந்த முறையில் ஊருக்கே குடிநீர் கொடுக்கும் ஆலை ஓடியது. அன்றும் கழிவு இருந்தது, இன்றும் இருக்கிறது. கழிவு வருவது குறையில்லை. எவ்வளவு வருகிறது என்பதில்தான் ஒரு இயந்திரத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

அந்த வித்தியாசம் சின்னதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, வழக்கமான வீட்டு இயந்திரம் 1 பங்கு நல்ல தண்ணீருக்கு 5 பங்கோ அதற்கு மேலோ சாக்கடைக்கு அனுப்புகிறது. மோசமானவை 10 பங்கு வரை போகும். தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பொருள்களுக்கு அதே முகமை தரும் 'வாட்டர்சென்ஸ்' முத்திரை வேண்டுமென்றால் கழிவு 2.3 பங்கைத் தாண்டக் கூடாது. எங்கள் பழைய இயந்திரம் 1 லிட்டருக்கு 3 லிட்டர் வெளியே விட்டது. வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் 10 லிட்டர் வேண்டும் என்றால் 30 லிட்டர் வீண். அதுவும் மேலே ஏற்றப்பட்டு, ஏற்கெனவே ஒருமுறை சுத்திகரிக்கப்பட்டு வந்த தண்ணீர்.

சரி, புது இயந்திரம் எப்படி? அளப்பது எளிது. சேமிப்புத் தொட்டி பாதி காலியாக இருக்கும்போது, இயந்திரம் ஓட ஆரம்பித்து கொஞ்ச நேரம் போகட்டும் (தொடங்கியதும் சில இயந்திரங்கள் சவ்வை அலசும், அந்தத் தண்ணீர் கணக்கைக் குழப்பும்). அப்புறம் நல்ல தண்ணீர்க் குழாயை ஒரு பாத்திரத்திலும் கழிவுக் குழாயை ஒரு வாளியிலும் ஒரே நேரத்தில் பிடியுங்கள். எங்களுக்கு நல்ல தண்ணீர் 4 லிட்டர் சேர்ந்தபோது வாளியில் 5 லிட்டர் இருந்தது. அதாவது மீட்பு (உள்ளே போன மொத்தத் தண்ணீரில் நல்ல தண்ணீராக வந்த பங்கு) 44 சதவீதம். பெட்டியில் போட்ட 60 வரவில்லை. 'வரை' என்ற சொல்லுக்குள் நல்ல அழுத்தம், புது சவ்வு, மிதமான சூடு எல்லாம் அடங்கியிருக்கின்றன. தண்ணீர் குளிர்ந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் சவ்வு தரும் அளவு சுமார் 3 சதவீதம் குறையும். கழிவு அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே 44 எனக்குத் திருப்திதான். அதே 10 லிட்டருக்கு இப்போது பன்னிரண்டரை லிட்டர்தான் போகிறது.

இனி யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். கழிவு குறைந்தால் அந்தக் கழிவில் உப்பு கூடும். எங்கள் குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 640. பழைய இயந்திரத்தின் கழிவுநீரில் அது 830 அளவுக்கு இருந்தது. புதியதில் 1,100 காட்டுகிறது. இதில் மர்மம் எதுவும் இல்லை. உள்ளே போன உப்பு கிட்டத்தட்ட அத்தனையும் குறைவான தண்ணீருக்குள் நெருக்கிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலைகளுக்கும் இதே தலைவலி உண்டு. 2019ல் வெளியான ஓர் ஆய்வு, உலகம் முழுக்க உப்புநீக்கும் ஆலைகள் நாளொன்றுக்கு சுமார் 9.5 கோடி கனமீட்டர் நல்ல தண்ணீரும் கூடவே 14.2 கோடி கனமீட்டர் உவர்நீரும் தருவதாகக் கணக்கிட்டது.

இந்த எண் தெரிந்தால்தான் கழிவுநீரை எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்ய முடியும். பழைய இயந்திரத்தின் கழிவுநீரை அம்மா தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுவார். புதியதை ஊற்ற வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதலில், பாசன நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை; 450 முதல் 2,000 வரை பார்த்துப் பயன்படுத்த வேண்டும்; அதற்கு மேல் கடுமையான சிக்கல். வயலுக்கு மழை வந்து உப்பைக் கீழே இறக்கும். தொட்டியில் இருப்பதோ கையளவு மண், உப்பு அங்கேயே சேரும். இலை நுனி கருகுவதைப் பார்த்தால் காரணம் இதுவாக இருக்கலாம். தரை துடைக்க, கழிப்பறையில் ஊற்ற, வாசல் கழுவ இந்தத் தண்ணீர் தாராளமாகப் போதும். கழிவுக் குழாயை நீட்டி மூடி போட்ட ஒரு டிரம்மில் விட்டிருக்கிறோம். டிரம்மை இயந்திரத்துக்குக் கீழே வையுங்கள். குழாயை மேலே ஏற்றினால் எதிரழுத்தம் கூடும், மடங்கினால் சவ்வு கெடும்.

டி.டி.எஸ். மீட்டர் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாங்கும் முன் செயல்விளக்கம் காட்ட ஒருவர் வீட்டுக்கு வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தார். எங்கள் தண்ணீர் பழுப்பாகித் திரிந்து, மேலே அழுக்கு நுரை கட்டியது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. "மேடம், இதைத்தான் இத்தனை நாளாகக் குடிக்கிறீங்க" என்றார். அம்மா பயந்துவிட்டார். நான் ஆர்.ஓ. தண்ணீர் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி மின்சாரம் கொடுக்கச் சொன்னேன். அதுவும் பழுப்பானது. காரணம், அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், இரும்பு கரைந்து துருவாகும். பழுப்பு கம்பியிலிருந்து வருகிறது, தண்ணீரிலிருந்து இல்லை. இந்த வித்தையைக் காட்டி விற்கிறவர்களிடம் தயவுசெய்து எதையும் வாங்காதீர்கள்.

மீட்டரும் அதே மின்கடத்தலைத்தான் அளக்கிறது. கரைந்த உப்புகளின் மொத்தத்தைக் காட்டும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஆர்சனிக் அதைப் போலப் பத்து மடங்கு இருந்தாலும் மீட்டரில் ஒரு எண்கூட நகராது. கிருமிகளும் அதற்குத் தெரியாது. மீட்டரில் 50 என்று காட்டினால் பாதுகாப்பு, 500 என்று காட்டினால் ஆபத்து என்று நினைப்பது இரண்டு பக்கமும் தவறு. அதே அமைப்பு டி.டி.எஸ்.ஸுக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. 600க்குக் கீழே இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும், 1,000க்கு மேல் போகப் போக வாய்க்குப் பிடிக்காது, மிகவும் குறைந்தாலும் சப்பென்று இருக்கும் என்கிறது.

ஆகவே முதலில் தண்ணீரை ஓர் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். ஃப்ளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக், கடினத்தன்மை, கிருமி எல்லாம் தனித்தனியாகப் பார்த்துச் சொல்வார்கள். டி.டி.எஸ். 300, 400 என்று இருந்து, கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் யு.வி. (புற ஊதா விளக்கு) அல்லது யு.எஃப். (கிருமியைத் தடுத்து உப்பை விட்டுவிடும் நுண்வடிகட்டி) போதும், யு.வி.யில் கழிவே கிடையாது, யு.எஃப்.பில் அலசும் தண்ணீர் மட்டும்தான். குளோரின் வாடைதான் தொந்தரவு என்றால் கார்பன் ஃபில்டர் போதும். அந்த வீட்டில் ஆர்.ஓ. மாட்டுவது நல்ல தண்ணீரைக் கொட்டுவதற்காகவே ஒரு மோட்டார் ஓட்டுவது மாதிரி. ஃப்ளோரைடோ ஆர்சனிக்கோ நைட்ரேட்டோ அதிகம், அல்லது உவர்ப்பு தாங்க முடியவில்லை, வேறு நீர்வழியும் இல்லை என்றால், கழிவைப் பொறுத்துக்கொண்டு ஆர்.ஓ. வாங்குவதில் தவறே இல்லை.

இந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது டி.டி.எஸ். திருகு. சவ்வு வழியாகப் போகாமல் மற்ற ஃபில்டர்களையும் யு.வி.யையும் கடந்து வரும் தண்ணீரைக் கொஞ்சம் கலக்க அது உதவுகிறது. மாட்டிக் கொடுத்தவர் அதை முழுக்க மூடி, மீட்டரில் 60 காட்டிவிட்டுப் போனார். எங்கள் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் தவிர வேறு சிக்கல் இல்லை என்று ஆய்வகத்தில் பார்த்திருந்தேன். அதனால் திருகைத் திறந்து 200க்கு வைத்தேன். கணக்குப் போட்டால், கால் பங்கு தண்ணீர் இப்போது சவ்வுப் பக்கமே போவதில்லை. 10 லிட்டருக்குக் கழிவு பன்னிரண்டரையிலிருந்து ஒன்பதரை லிட்டருக்கு இறங்குகிறது. ருசியும் மேம்பட்டது. ஆனால் ஆர்சனிக், ஃப்ளோரைடு, நைட்ரேட் இருக்கிற தண்ணீரில் இதைத் தொடவே கூடாது. வடிகட்டியதைக் கலப்பு திரும்பக் கொண்டுவந்துவிடும்.

குறை என்று சொன்னால் சர்வீஸ்தான். கழிவுக் குழாயின் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர். அதன் மேல் 300, 450 என்று எண் போட்டிருக்கும். நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வெளியே விடும் என்பது அது. எங்கள் இயந்திரத்தில் வந்தது 300. முதல் சர்வீஸுக்கு வந்தவர் அதை எடுத்துவிட்டு 450 மாட்டிவிட்டார். கேட்டால், சவ்வு நீண்ட நாள் உழைக்கும் என்றார். அதில் ஓரளவு உண்மை உண்டு, கடினத்தன்மை மிக அதிகமான தண்ணீருக்கு நானே அதைச் சொல்வேன். ஆனால் கேட்காமல் மாற்றினார். அளந்து பார்த்தபோது 4 லிட்டருக்குக் கழிவு ஏழரை லிட்டர். அதிக மீட்பு என்று சொல்லி விற்ற இயந்திரம் ஒரு சின்னத் துண்டால் சாதாரண இயந்திரம் ஆகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டு 300 போட வைத்தேன். சர்வீஸ் முடிந்ததும் அந்த எண்ணைப் பாருங்கள்.

முன்ஃபில்டர் அடைத்தாலும் இதே கதைதான். அழுத்தம் குறையும், நல்ல தண்ணீர் குறையும், கழிவின் விகிதம் ஏறும். தேதியை நம்பி மாற்றாமல், விகிதம் மோசமாவதைப் பார்த்து மாற்றினால் நல்ல கார்ட்ரிட்ஜைத் தூக்கிப்போட வேண்டியிருக்காது. கார்பனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கார்பன் தீர்ந்தால் குளோரின் நேராகச் சவ்வுக்குப் போய் அதன் மெல்லிய மேல்படலத்தை அரித்துவிடும்.

பழைய சவ்வையும் பிளாஸ்டிக் கூடுகளையும் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டேன். மாட்டோம் என்றார்கள். பெரிய ஆலைகளின் பழைய சவ்வுகளில் இருந்து அந்த மேல்படலத்தைக் குளோரினால் நீக்கி, வேறு வடிகட்டலுக்குப் பயன்படுத்தும் முறைகளை ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். வீட்டுச் சவ்வைக் கேட்டு வாங்க ஆள் இல்லை. இதற்காக மதிப்பெண்ணில் ஒன்றைக் குறைத்து, ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கழற்றிய சவ்வு மூன்று இப்போது என் மேசைக்குக் கீழே ஒரு பையில் இருக்கிறது. இவற்றைப் பிரித்து எடுத்துக்கொள்கிற மறுசுழற்சிக்காரர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.