சேது பாபாக்கான்: ஒண்டெல்-ஒண்டெல் பார்க்க ஜகார்த்தாவில் எங்கே போகலாம்?

ஜகார்த்தா போகிறவர்கள் ஒண்டெல்-ஒண்டெல் என்ற ராட்சத பொம்மையைப் பெரும்பாலும் தெருவில்தான் பார்க்கிறார்கள். ஒரு பொம்மை தனியாக அசைந்து வரும், பின்னால் ஒருவர் ஸ்பீக்கர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார், பாட்டு காதைக் கிழிக்கும், ஒரு பையன் காசுக்கு வாளியை நீட்டுவான். அதைப் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நகரின் தெற்குக் கோடியில், ஜகக்கார்சா பக்கம், ஒரு ஏரியைச் சுற்றி, ஜகார்த்தாவின் பூர்வகுடிகளான பெத்தாவி மக்களின் பண்பாட்டுக் கிராமமாக அரசு பராமரிக்கும் சேது பாபாக்கானுக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

இங்கே பொம்மைகள் ஜோடியாக வருகின்றன. ஆணுக்குச் சிவப்பு முகமும் மீசையும், பெண்ணுக்கு வெள்ளை முகம். உயரம் இரண்டரை மீட்டர் இருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள்: தலைமுடி ஒருவகைப் பனையின் கறுப்பு நார், அதில் குத்தியிருப்பது ஈர்க்குச்சியில் கலர் பேப்பர் சுற்றிய பூக்கள். உடம்பு முழுக்க மூங்கில் கூடு, அதற்குள் ஒரு ஆள். பொம்மையின் முகம் எங்கேயோ மேலே இருக்க, அவர் வயிற்றுப் பக்கம் விட்டிருக்கும் சின்ன இடைவெளி வழியாகத்தான் வழி பார்த்து நடக்கிறார், அதுவும் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு, வெயிலில்! பொம்மை சுழலும்போது தொங்கும் கைகள் வீசி அடிக்கும், செல்ஃபி எடுப்பவர்கள் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ஆளை அசத்துவது மேளம்தான். கம்பாங் குரோமோங் என்ற பெத்தாவி இசைக் குழு நேரடியாக வாசிக்க, அந்தத் தாளத்துக்கு பொம்மை தோளைக் குலுக்குவதைப் பார்த்த பிறகு ஸ்பீக்கர் வண்டி பிடிக்காது.

முன்பு ஒண்டெல்-ஒண்டெலுக்குப் பாரோங்கான் என்று பெயர். நோயையும் பேயையும் விரட்ட ஊர் சுற்றி வந்த பொம்மை, முகமும் பயங்கரமாக இருக்குமாம். அலி சாதிக்கின் என்பவர் ஜகார்த்தா ஆளுநராக இருந்த 1966-77 காலத்தில்தான் விழாக்களில் வரவேற்கும் பொம்மையாக மாறியது. இப்போது கல்யாணம், ஜூன் 22 ஜகார்த்தா பிறந்தநாள் எல்லாவற்றிலும் இது உண்டு. ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் பயம்தான், எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு வாண்டு கத்திய கத்தல் மேளத்தையே அமுக்கிவிட்டது.

சாப்பாட்டில் கெராக் தெலோர் முக்கியம். ஊறவைத்த ஒட்டரிசி, முட்டை, காய்ந்த இறால், வறுத்த தேங்காய்த் துருவல். எண்ணெய் ஊற்றாததால் சட்டியில் ஒட்டிக்கொள்ளும், அப்படியே சட்டியைக் கவிழ்த்துக் கரி நெருப்பில் மேல்பக்கத்தைச் சுடுவார்கள். ஒரு கடையில் முன்பே சுட்டு வைத்ததை நீட்டினார்கள், ரப்பர் மாதிரி இருந்தது. கண்முன் சுடுகிற கடையில் வாங்குங்கள், வாத்து முட்டை கேளுங்கள். கூடவே பீர் பிளெத்தோக். பெயரைக் கேட்டுப் பதறவேண்டாம், இஞ்சியும் பதிமுகமும் போட்ட சிவப்புக் கஷாயம், போதை இல்லை.

ரயிலில் லெந்தெங் அகுங் இறங்கி பைக் டாக்சி பிடித்தால் போதும். கலை நிகழ்ச்சி பெரும்பாலும் சனி, ஞாயிறுதான், வார நாளில் போனால் ஏரியையும் மியூசியத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.