டவுன்ஸ் வான் ஸான்ட் லைவ் ஆல்பம், வினைல்ல கேட்டேன்

டவுன்ஸ் வான் ஸான்ட், சொந்தமா பாட்டு எழுதி பாடுன அமெரிக்க ஃபோக், கண்ட்ரி பாடகர். 1973 ஜூலைல ஹூஸ்டன்ல ஓல்ட் குவார்ட்டர்ங்கற சின்ன பார்ல அவர் பாடுனது, 1977ல தான் ரெண்டு வினைல் இசைத்தட்டு சேர்ந்த ஒரே ஆல்பமா வெளிவந்துச்சு. ஒரு கிதார், ஒரு குரல், அவ்ளோ தான். அவரோட ஆரம்ப கால ஸ்டுடியோ ஆல்பங்கள்ல பாட்டு மேல என்னென்னமோ பூசி மெழுகியிருப்பாங்க, இங்க அதெல்லாம் இல்லாததால ஒவ்வொரு வரியும் நேரா நெஞ்சுல வந்து விழுது.

பாட்டில் கிளாஸ் உரசுற சத்தம் கூட கேக்குது, அப்படியே கடைசி டேபிள்ல நாமளும் உக்காந்திருக்க மாதிரி. மனச பிசையற பாட்டுக்கு நடுவுல ஜோக் சொல்றார், கூட்டம் சிரிக்குது, அந்த சிரிப்பு அடங்குறதுக்குள்ள விரல் கம்பிய மீட்ட ஆரம்பிச்சிடுது, திரும்பவும் ஹால் கப்சிப்.

ஒரே குறை, நான் வாங்குன பழைய காப்பில மூணாவது பக்கம் டிக் டிக்னு ஒரு சத்தம், பிரஷ் போட்டு துடைச்சும் போகல. பேண்ட் இசைன்னா அமுங்கிடும், இவ்ளோ அமைதியான ரெக்கார்டிங்ல சின்ன கீறல் கூட ஒளிய இடமில்ல. அதனால பழசு வாங்குறவங்க நாலு பக்கமும் ஓட்டி கேட்டுட்டு காசு குடுங்க. நான் இத திருப்பி குடுக்கல, குடுக்க மனசு வரல.