370 இசட்டுக்கு ஆயில் கூலர்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

என்னுடையது 2010 மாடல் நிஸ்ஸான் 370 இசட் ஸ்போர்ட்ஸ் கார், ஆறு கியர் மேனுவல். அதில் 25 வரிசைக் குழாய்கள் கொண்ட ஆயில் கூலர் (இன்ஜின் ஆயிலைக் காற்றில் குளிர்விக்கும் சின்ன ரேடியேட்டர்) கிட் ஒன்றை மாட்டி ஒரு கோடைக்காலம் முழுக்க ஓட்டியாயிற்று. இங்கே கலிஃபோர்னியாவில் என் ஆபீஸில் ஒரு தம்பி சமீபத்தில் இதே மாதிரி பழைய இசட் ஒன்று வாங்கினான். "அண்ணா, நானும் போட்டுடவா?" என்று கேட்டான். ரேஸ் டிராக்குக்குப் போவியா என்றேன். "இல்லண்ணா, ஃப்ரீமான்ட்ல இருந்து சான் ஹோசே, அவ்ளோதான்." அப்போ வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கு என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. கூலர் வண்டியின் மூக்குக்குள் வலைக்குப் பின்னால் தெரிவது பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதை மறுக்க மாட்டேன்.

இந்த வண்டிக்கு இந்தக் கேள்வி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 3.7 லிட்டர் வி6, 332 குதிரைசக்தி, 7,500 ஆர்.பி.எம். வரை போகும் இன்ஜின். உள்ளே இருக்கும் ஆயில் சுமார் 5 லிட்டர்தான். 2009 மாடலாக வந்தபோது அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் ஆயிலைக் குளிர்விக்கத் தனி ரேடியேட்டர் வைக்கவில்லை. டிராக்கில் ஓட்டியவர்களுக்கு ஆயில் சூட்டைக் காட்டும் முள் 280 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 138 செல்சியஸை, எட்டிப் பிடித்தது. அந்தச் சூட்டில் கம்ப்யூட்டர் இன்ஜினைக் காப்பாற்ற ஆர்.பி.எம்.மைக் கட்டிப்போட்டுவிடும். லிம்ப் மோட் என்பது அதைத்தான். 2012 மாடலில் நிஸ்ஸானே கூலரைச் சேர்க்க ஆரம்பித்தது. எல்லா வண்டிக்கும் இல்லை. அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் விற்பவர் பேச்சை நம்பாமல் டார்ச்சோடு குனிந்து பம்பருக்குள் பார்த்துவிடுவது நல்லது.

இந்த வண்டியில் ஒரு பெரிய வசதி, ஆயில் சூட்டைக் காட்டும் கேஜ் கம்பெனியிலிருந்தே டாஷ்போர்டின் மேல் வந்துவிடுகிறது. மற்ற பல வண்டிக்காரர்கள் அதற்கே தனியாகச் செலவு செய்ய வேண்டும். எனவே யாரிடமும் கேட்காமல் முள்ளைப் பார்த்தே முடிவு செய்யலாம். என் வண்டியில் கூலர் இல்லாதபோது 880 நெடுஞ்சாலையில் காலை நெரிசலில் 200 சொச்சம் (இங்கே எல்லாச் சூடும் பாரன்ஹீட்தான்). ஐ-5இல் வடக்கே நேராக விட்டால் 210, 220. இதில் கவலைப்பட எதுவுமே இல்லை. சொல்லப்போனால் ஆயில் 212ஐத் தொட்டால்தான் உள்ளே சேரும் ஈரம் ஒழுங்காக ஆவியாகும்.

லகூனா செகா டிராக்கில் கடல் பனி விலகாத ஒரு காலையில் ஓட்டினேன். முள் 250ஐத் தாண்டவில்லை. அதே வண்டி, அதே ஆயில், அதே டிரைவர், வில்லோஸ் பக்கத்து தண்டர்ஹில் டிராக்கில் 100 டிகிரிக்கு மேல் அடிக்கும் வெயிலில் 20 நிமிட செஷனின் பாதியிலேயே 270. அதற்கு மேல் பார்க்கத் தைரியமில்லை. கூல்-டவுன் லேப் போட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்தச் சூட்டில் ஆயில் நீர்த்துப்போய் அழுத்தம் இறங்கும். பேரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் படலம் மெலிந்துபோகும். கூலர் வாங்குவது என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்.

சரி, கிட்டுக்கு வருவோம். கூலர் ஸ்வீடனின் செட்ராப், ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உட்காரும் சாண்ட்விச் பிளேட் மோக்கல். இந்த இரண்டையும் பல கடைகள் தங்கள் சொந்த பிராக்கெட், ஹோஸோடு சேர்த்து விற்கின்றன. நான் வாங்கியதும் அப்படி ஒன்று, 600 டாலருக்குக் கொஞ்சம் கீழே. செட்ராப் கூலரின் வேலைப்பாட்டில் குறையே சொல்ல முடியாது. பிராக்கெட்டைப் பற்றி அப்படிச் சொல்ல வராது: ஒரு துளை தள்ளிப்போய், அதை அரத்தால் ராவித்தான் போல்ட்டை ஏற்ற முடிந்தது. கூடவே வந்த விளக்கத் தாளில் படங்கள் கறுப்புத் திட்டுகளாக இருந்தன. பம்பரைக் கழற்றி மாட்ட ஒரு முழு சனிக்கிழமை போயிற்று.

கடைக்காரர் 34 வரிசை கூலரைத்தான் தள்ளப் பார்த்தார். பெரிசா இருந்தா நல்லதுதானே என்பது அவர் வாதம். அது ரேஸ் ஓட்டுபவர்களுக்கு, அல்லது டர்போ போட்டவர்களுக்கு. தினமும் ஆபீஸுக்குப் போகும் வண்டியில் அதைப் போட்டால் ஆயில் சூடேறவே சூடேறாது. ஜனவரி காலையில் பாகு மாதிரி இருக்கும் ஆயிலோடு ஓட்டுவதும் இன்ஜினுக்குக் கெடுதல்தான். ஆகவே வரிசை எண்ணிக்கையை விட முக்கியம், பிளேட்டில் தெர்மோஸ்டாட், அதாவது ஆயில் சூடானதும் கூலருக்கு வழி திறந்துவிடும் வால்வு, இருக்கிறதா என்பது. என்னுடையது 180 டிகிரி சுமாருக்குத் திறக்கிறது. மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயில் கூலருக்குள் போய்க்கொண்டே இருக்கும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். அதனால் குளிர்காலத்தில் முள் ஏற முன்பை விட நேரமாகிறது. எரிச்சலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம். தெர்மோஸ்டாட் இல்லாத கிட் 100 டாலர் குறைவாகக் கிடைத்தாலும் தெருவில் ஓடும் வண்டிக்கு வாங்காதீர்கள்.

பலன் என்ன? அதே தண்டர்ஹில், அதே மாதிரி வெயில். முழு செஷனும் ஓட்டி முள் 235இல் நின்றது. கடைசி லேப் வரை கேஜைப் பார்க்காமல் வளைவைப் பார்த்து ஓட்ட முடிந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் உட்காருவதால் அதற்குப் போகும் காற்றைக் கூலர் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. கூலன்ட் சூடு லேசாக ஏறியது, பயப்படும்படி இல்லை. பழைய ரேடியேட்டர் வைத்திருப்பவர்கள் அதையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

தொல்லைகளும் உண்டு. மாட்டிய முதல் வாரமே ஒரு ஹோஸ் இணைப்பில் ஆயில் கசிந்தது. கால் சுற்று இறுக்கியதும் நின்றுவிட்டது. அலுமினிய மரைகள், பலத்தைக் காட்டினால் கழன்றே வந்துவிடும். ஹோஸ் உரசும் இடங்களில் ரப்பர் சுற்றினேன். கல் தெறித்துக் கூலர் ஓட்டையானால் டிராக் முழுக்க ஆயில் கொட்டி, பின்னால் வருபவன் வழுக்கிப் போவான் என்பதால் முன்னால் கம்பி வலை கட்டாயம். ஆயில் மாற்றும்போது அரை லிட்டர் போலக் கூடுதலாகப் பிடிக்கிறது. கூலருக்குள் தங்கும் பழைய ஆயில் முழுதாக வடிவதும் இல்லை.

வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் குளிர் மாதத்தில் டிராக்குக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நல்ல சிந்தெட்டிக் ஆயில் ஊற்றி, முள் 260ஐத் தொட்டதும் வேகத்தைக் குறைத்து ஒரு லேப் மெதுவாக வந்தால் போதும். கோடையில் தண்டர்ஹில் மாதிரி வெயில் கொளுத்தும் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்குப் பக்கம் ஓட்டுபவர்கள், 2012க்கு முந்தைய வண்டியாக இருந்தால், பிரேக் பேடுக்கு அடுத்தபடியாக இதைத்தான் வாங்க வேண்டும். எக்ஸாஸ்ட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.